வீடு ஆடிச்சு, கடல் வரல: நிலத்தடிப் பிளவு எப்படி நழுவுது?

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போயிருந்தேன். சென்னையிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். நம்மில் நிறைய பேருக்கு அது ஃபிளமிங்கோ பார்க்க, டச்சுக்காரர் கல்லறை பார்க்க, நல்ல இறால் சாப்பிடப் போற ஊர். நானும் அதுக்குத்தான் போனேன்.

படகுத்துறையில் ஒரு பெரியவர் வலையைச் சரிபண்ணிக்கிட்டு இருந்தார். பேச்சுக் கொடுத்தேன். என்ன வேலைன்னு கேட்டார். நிலநடுக்கம் பத்திப் படிச்சு, பேசறவன்னு சொன்னேன். வலையைக் கீழே வெச்சுட்டு அவர் கேட்ட கேள்வி இது:

"தம்பி, சுனாமிக்கு மூணு வருஷம் முன்ன ஒரு ராத்திரி வீடு ஆடிச்சு. பாத்திரம்லாம் கலகலன்னு சத்தம். கடல் சும்மா இருந்துச்சு. சுனாமி அன்னிக்கு ஆடினதே எங்களுக்குத் தெரியல, கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு. அப்புறம் 2012-ல ஒரு மத்தியானம் ஆடிச்சு. ஓடுங்கன்னாங்க, ஓடினோம். கடல் வரல. அப்போ எதப் பாத்து ஓடறது?"

எனக்கு உடனே பதில் வரல. "சொல்றேங்கய்யா"ன்னு சமாளிச்சுட்டு வந்துட்டேன். இன்னைக்கு எபிசோடு அந்தப் பெரியவருக்கான பதில்தான்.

மூணு நாள், மூணு நிலநடுக்கம்

முதல்ல அவர் சொன்ன மூணு நாளையும் அடையாளம் கண்டுக்கலாம்.

முதலாவது, 2001 செப்டம்பர் 25. இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் ஒரு நிலநடுக்கம். அளவு 5.5. சென்னை உட்பட தென்னிந்தியாவின் பெரும் பகுதியிலும் இலங்கையின் சில இடங்களிலும் உணர்ந்தாங்க. மூணு பேர் இறந்தாங்க. இதைத்தான் நிபுணர்கள் 'மிதமான' நிலநடுக்கம்னு சொல்வாங்க.

இரண்டாவது, 2004 டிசம்பர் 26. காலை 6:28-க்கு சுமத்ரா பக்கத்துல. அளவு 9.1. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழிச்சு அலை சென்னைக் கரைக்கு வந்தது.

மூணாவது, 2012 ஏப்ரல் 11. மதியம் 2 மணிக்கு மேல, அதே சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடலில். அளவு 8.6. நம்ம கரை முழுக்க சுனாமி எச்சரிக்கை. பெரிய அலை வரவே இல்ல.

அளவை மட்டும் பார்த்தா 5.5-க்கும் 9.1-க்கும் உள்ள வித்தியாசம் புரியுது. ஆனா 8.6 ராட்சத நிலநடுக்கம். அப்புறம் ஏன் கடல் அமைதியா இருந்தது? இங்கதான் அந்த ஒற்றை எண் போதாதுன்னு தெரியுது. பூமிக்குள்ள என்ன நழுவிச்சு, எவ்வளவு நழுவிச்சு, எந்தப் பக்கமா நழுவிச்சுன்னு பார்க்கணும்.

ஒரு எண்ணுக்குள்ள மூணு எண்

நிலநடுக்கம்னா பூமிக்குள்ள இருக்கிற ஒரு பிளவு, ஆங்கிலத்துல ஃபால்ட்டுன்னு சொல்றது, அதன் இரு பக்கப் பாறையும் ஒண்ணோடொண்ணு உரசி நழுவறது. வருஷக்கணக்கா அழுத்தம் சேருது. உராய்வு பிடிச்சு வெச்சிருக்கு. ஒரு கட்டத்துல பிடி விடுது. இந்த நழுவல் முழுப் பிளவிலும் ஒரே நேரத்துல நடக்காது. ஒரு புள்ளியில் ஆரம்பிச்சு, நொடிக்கு இரண்டு, மூணு கிலோமீட்டர் வேகத்துல பரவும். துணி கிழியற மாதிரி.

செய்தியில் வர்ற 'அளவு' என்ற எண்ணுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு எளிய பெருக்கல்: நழுவின பரப்பு, நழுவின தூரம், பாறையின் விறைப்பு. இந்த மூணையும் பெருக்கினா வர்றதை மடக்கைக் கணக்குல சுருக்கிச் சொல்றதுதான் 5.5, 8.6 எல்லாம்.

5.5-க்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பாறைத் துண்டு சராசரியா 30 சென்டிமீட்டர் நழுவினா 5.5 வரும். இது யாரும் கடலடியில் போய் டேப் வெச்சு அளந்தது இல்ல, அந்த அளவுக்கு வழக்கமா பொருந்துற கணக்கு. பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான் நழுவல். அதுக்கே சென்னையில் மாடியிலிருந்து ஜனங்க இறங்கி ஓடினாங்க.

2004-ல நழுவின பிளவின் நீளம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். கிழிஞ்சு முடிக்கவே எட்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. பல மீட்டர் நழுவல். 5.5-ஐ விட அந்தப் பெருக்கல் தொகை ஏறக்குறைய இரண்டரை லட்சம் மடங்கு.

இப்ப ஒரு சிக்கல் கவனிங்க. பரப்பையும் நழுவலையும் பெருக்கினாத்தான் அளவு வருது. அப்படின்னா பெரிய பரப்பு கொஞ்சமா நழுவினாலும், சின்னப் பரப்பு நிறைய நழுவினாலும் அதே 5.5 வரலாம். எண் ஒண்ணுதான், நிலநடுக்கம் வேற. பரப்பின் ஆரம் பாதியா சுருங்கி, அளவு மாறாம இருந்தா, அந்த இடத்துல விடுபடற அழுத்தம் எட்டு மடங்கு ஆகும். அந்தக் குலுக்கல் வெடுக்வெடுக்குனு கடுமையா இருக்கும். எது நடந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? யாரும் பத்து, இருபது கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்ப் பார்க்க முடியாது. அதுக்குத்தான் மாடல் போடறாங்க.

பாடு போடறது மாதிரி

பழவேற்காட்டுல ஒரு பழைய ஏற்பாடு இருக்கு. அதுக்குப் பேரு பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரியான ஊர்கள்ல, ஏரியின் மீன்பிடி இடங்களைப் பகுதி பகுதியா பிரிச்சு, யார் எங்க என்னைக்கு வலை வைக்கறதுன்னு முறை வெச்சுக்குவாங்க. ஏரி ஒண்ணுதான், ஆனா அவங்களுக்கு அது பல கட்டங்கள்.

பிளவை மாடல் பண்றவங்களும் இதைத்தான் செய்றாங்க. 5-க்கு 5 கிலோமீட்டர் பிளவை அரை கிலோமீட்டர் கட்டங்களா பிரிச்சா நூறு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கேள்வி: நீ எவ்வளவு நழுவினே? எந்தத் திசையில்? எப்ப ஆரம்பிச்சே?

அடுத்த படி. நூறுல ஒரே ஒரு கட்டம் மட்டும் ஒரு சென்டிமீட்டர் நழுவியிருந்தா, சென்னையில் இருக்கிற நில அதிர்வுமானியில் என்ன கோடு வரும்? ஹைதராபாத்துல இருக்கிறதுல என்ன கோடு வரும்? பாறையில் அலை எப்படிப் பயணிக்கும்னு தெரிஞ்சா இதைக் கணினியில் போட்டுடலாம். இதுக்கு கிரீன் ஃபங்ஷன்னு பேரு. 19-ஆம் நூற்றாண்டு கணித அறிஞர் ஜார்ஜ் கிரீன் பேரால வந்தது. நூறு கட்டத்துக்கும், ஒவ்வொரு நிலையத்துக்கும் இப்படி ஒரு கோடு தயார்.

இப்ப உண்மையில் பதிவான கோட்டை எடுத்துக்கறாங்க. எந்தக் கட்டத்தை எவ்வளவு நழுவ விட்டு, எவ்வளவு தாமதத்துல சேர்த்தா, இந்தக் கோடு வரும்? இது தலைகீழ்க் கணக்கு. விடையிலிருந்து கேள்விக்குப் போறது.

மீன் ஏலத்தை நினைச்சுக்கோங்க. நூறு பாட்டிலிருந்தும் வந்த கூடைகளை ஒரே குவியலா கொட்டிட்டாங்க. உங்களுக்குக் குவியல் மட்டும்தான் தெரியும். ஆனா எந்தப் பாட்டுல இறால் அதிகம், எதுல நண்டு அதிகம், எதுல மடவை அதிகம்னு முன்னாடியே தெரியும்னு வெச்சுக்குவோம். குவியலைப் பார்த்து எந்தப் பாட்டிலிருந்து எவ்வளவு வந்திருக்கும்னு ஓரளவு சொல்லிடலாம்.

ஓரளவுதான். பக்கத்துப் பக்கத்துப் பாடு ரெண்டுலயும் ஒரே மாதிரி மீன்தான் கிடைக்கும்னா, எது எவ்வளவு தந்ததுன்னு பிரிக்க முடியாது. பிளவிலும் அதே பிரச்சினை. அதனால ரெண்டு நிபந்தனை சேர்க்கறாங்க. ஒண்ணு, எந்தக் கட்டமும் பின்னோக்கி நழுவக் கூடாது. எந்தக் கூடையிலும் மைனஸ் மீன் இருக்க முடியாது இல்லையா? ரெண்டு, பக்கத்துக் கட்டங்கள் தடாலடியா வேறுபடக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையை எவ்வளவு இறுக்கமா வைக்கறோம்ங்கறது மாடல் போடறவர் கையில் இருக்கு. அதனாலதான் ஒரே நிலநடுக்கத்துக்கு ரெண்டு குழு ரெண்டு படம் தரும். சிவப்பும் மஞ்சளுமா அழகா ஒரு படம் பார்த்தா, அது புகைப்படம்னு நினைச்சுடாதீங்க. பதிவான கோடுகளோட ஒத்துப்போற பல படங்கள்ல அது ஒண்ணு.

மிதமானதுதான் கஷ்டமானது

பெரிய நிலநடுக்கத்தைத்தான் மாடல் பண்றது கஷ்டம்னு தோணும். பல விதத்துல நேர்மாறு. 2004 மாதிரி ஒண்ணு உலகம் முழுக்க நீளமான அலைகளை அனுப்பும். வழியில் இருக்கிற சின்னச் சின்னப் பாறை வித்தியாசம் அந்த அலையைக் குழப்பாது. 5.5-ல முழுக் கதையும் இரண்டு நொடியில் முடிஞ்சுடும். அந்தச் சின்ன அலைகளை வழியில் இருக்கிற ஒவ்வொரு பாறையும், கருவிக்குக் கீழ இருக்கிற களிமண்ணும் மணலும் குழப்பி அனுப்பும். பழவேற்காடு மாதிரி ஈர மணல் மேல நின்னா குலுக்கல் கூடுதலா தெரியும். அது பிளவோட வேலையா, மணலோட வேலையா?

இதுக்கு ஒரு கெட்டிக்கார வழி இருக்கு. கல்யாண மண்டபத்துல எதிரொலி அதிகம். மேளத்தோட உண்மையான சத்தம் என்னன்னு தெரியணும். முதல்ல அதே மேடையிலிருந்து ஒரே ஒரு கைத்தட்டல் தட்டுங்க. வர்றது எல்லாம் மண்டபத்தோட எதிரொலிதான். மேளச் சத்தத்திலிருந்து அதைக் கழிச்சா மிச்சம் மேளம். நிலநடுக்கத்துல அந்தக் கைத்தட்டல், அதே இடத்துல வர்ற சின்னப் பின்னதிர்வு. வழியும் அதே, மணலும் அதே. பெரியதோட பதிவிலிருந்து சின்னதோட பதிவைக் கணக்குல நீக்கினா, பிளவு எப்படி நழுவிச்சுங்கறது மட்டும் மிஞ்சும். 1970-களின் கடைசியிலிருந்து இந்த முறை புழக்கத்துல இருக்கு.

மிஞ்சினதை வெச்சு இன்னொண்ணும் கண்டுபிடிக்கலாம்: பிளவு எந்தப் பக்கம் கிழிஞ்சுக்கிட்டுப் போச்சு? 5 கிலோமீட்டர், நொடிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்துல கிழிஞ்சா 2 நொடி ஆகும். குலுக்கும் அலையின் வேகம் நொடிக்கு மூன்றரை கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. கிழிசல் வர்ற திசையில் நீங்க நின்னா, முதல் கட்டத்து அலையும் கடைசிக் கட்டத்து அலையும் நெருக்கமா வந்து சேரும். எல்லாம் அரை நொடிக்குக் கொஞ்சம் மேல, ஒரே அடியா முடிஞ்சுடும். எதிர்ப் பக்கம் நிக்கறவருக்கு அதே நழுவல் கிட்டத்தட்ட மூன்றரை நொடிக்கு மெதுவா நீளும். ஒரே நிலநடுக்கம், ஒரே தூரம், ஆனா ஒருத்தருக்கு அறை, ஒருத்தருக்குத் தாலாட்டு.

இதைக் கண்டுபிடிக்க நாலு பக்கமும் கருவி வேணும். புதுச்சேரி மாதிரி கடலடி நிலநடுக்கத்துல மேற்கே நிலம், கிழக்கே முழுக்கக் கடல். மேற்கே இருக்கிறவங்க சொல்றதை மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுதற மாதிரிதான். நிலத்துல நடந்தா செயற்கைக்கோள் தரையின் அசைவை அளந்துடும். கடலுக்கு அடியில் அதுவும் கிடையாது.

நீங்களும் ஒரு கருவிதான்

கருவி குறைவா இருக்கிற இடத்துல மனுஷங்க உதவின கதை ஒண்ணு நம்ம வங்காள விரிகுடாவிலேயே இருக்கு. 2014 மே 21, இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒடிசா கரைக்குத் தென்கிழக்கே நடுக்கடல்ல 6-ஐ ஒட்டிய அளவுல ஒரு நிலநடுக்கம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஆழம். ஒடிசா, வங்காளம் தாண்டி சென்னையிலும் உணர்ந்தாங்க.

ஸ்டேசி மார்ட்டின், சூசன் ஹஃப்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதை எடுத்தாங்க. எந்த ஊர்ல யார் என்ன உணர்ந்தாங்கன்னு செய்திகளையும் மக்கள் தந்த தகவல்களையும் தொகுத்தாங்க. ஃபேன் ஆடிச்சா, தூக்கத்துல எழுந்தீங்களா மாதிரியான விஷயங்கள்தான். அந்த அளவு நிலநடுக்கத்துக்கு எதிர்பார்க்கிறதை விட குலுக்கல் வலுவா இருந்தது. அதை வெச்சு அவங்க வந்த முடிவு: இது அழுத்தம் அதிகமா விடுபட்ட நிலநடுக்கம். அதாவது சின்னப் பரப்பு, நிறைய நழுவல்.

சாதாரண மனுஷங்களோட அனுபவம், பூமிக்குள்ள நடந்த நழுவலைப் பத்திப் பேசுது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தோட 'டிட் யூ ஃபீல் இட்' பக்கத்துல யார் வேணும்னாலும் பதிவு பண்ணலாம். அடுத்த தடவை ஆடினா, ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி அதுல ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. "ஒண்ணும் உணரல"ங்கறதும் தகவல்தான்.

இது வெறும் ஆர்வத்துக்கு இல்ல. 2002-ல திருத்தின இந்தியக் கட்டட விதியில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூணாம் மண்டலத்துக்கு வந்தது. நம்ம கரைக்குப் பக்கத்துல நாம எதிர்பார்க்க வேண்டியது பெரும்பாலும் 5, 6 அளவுதான். அது எவ்வளவு கடுமையா குலுக்கும்ங்கறதை அளவு மட்டும் சொல்லாது, நழுவல்தான் சொல்லும். எண்ணூர், கல்பாக்கம், பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. எல்லாம் இந்தக் கரையிலதான் நிக்குது.

அப்போ எதப் பாத்து ஓடறது?

இப்ப பெரியவர் கேள்விக்கு வரலாம்.

2001-ல 30 சென்டிமீட்டர் வாக்கில், சில கிலோமீட்டர் அகலத்துக்கு, பாறைக்குள்ள நழுவினது. கடல் மேல அதுக்கு ஒண்ணுமே தெரியாது. பக்கத்துல நடந்ததால வீடு ஆடிச்சு, அவ்வளவுதான். அந்த மாதிரி நேரத்துல ஆபத்து கடல் இல்ல, தலைக்கு மேல இருக்கிற சுவரும் ஓடும்தான்.

2012-ல பிளவு பக்கவாட்டுல நழுவிச்சு. ஏறக்குறைய செங்குத்தா வெட்டிக்கிற பல பிளவுகள் ஒண்ணு மாத்தி ஒண்ணு கிழிஞ்சது. ஒரு வாளித் தண்ணீர்ல அடியில் கையை வெச்சு மெதுவா பக்கவாட்டுல நகர்த்துங்க. மேல தண்ணி பெருசா அசையாது. அதே கையைச் சட்டுனு மேல தூக்குங்க. தண்ணி வழியும். 2004-ல நடந்தது அதுதான். கடல் தரையையே நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்குத் தூக்கிவிட்டது.

ஆனா அன்னைக்கு முதல் கால் மணி நேரத்துல பசிபிக் சுனாமி மையம் சொன்ன அளவு 8.0. கிழிசலோட முழு நீளம் அதுக்கப்புறம்தான் தெரிஞ்சது. நழுவலைக் கணக்குப் போடறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்னு சொல்றது இதனாலதான். இப்ப ஹைதராபாத்துல இன்காய்ஸ் நிறுவனத்தோட சுனாமி மையம் 2007-லிருந்து இயங்குது. விதவிதமான நழுவலுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. நிலநடுக்கம் வந்ததும் பொருந்தறதை எடுத்து, கடல்ல இருக்கிற கருவிகளோட சரிபார்க்கறாங்க. நழுவல் எந்தத் திசைன்னு உறுதியாகற வரை எச்சரிக்கை விடறதுதான் நியாயம். 2012-ல ஓடினது வீண் இல்ல.

இதை எல்லாம் சுருக்கி அவருக்குப் ஃபோன்ல சொன்னேன். "ஐயா, எவ்வளவு பலமா ஆடுதுன்னு பாக்காதீங்க, எவ்வளவு நேரம் ஆடுதுன்னு எண்ணுங்க. படபடன்னு கொஞ்ச நொடியில நின்னுட்டா பக்கத்துல வந்த சின்னது. சுவர், ஓடு விழாத இடத்துக்கு வந்துடுங்க. லேசா இருந்தாலும் ஊஞ்சல் மாதிரி இருபது நொடிக்கு மேல ஆடினா, தூரத்துல வந்த பெருசு. கரையை விட்டு மேட்டுக்குப் போயிடுங்க. கடல் உள்வாங்கினாலும் அப்படித்தான்."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "படகுல இருந்தா எண்ணறதுக்கு என்ன இருக்கு தம்பி? தண்ணி எப்பவும் ஆடிக்கிட்டுதானே இருக்கு?"

அவர் சொல்றது சரி. படகுல மட்டும் இல்ல, 2004-ல கரையில இருந்த அவருக்கே ஆட்டம் தெரியல. உடம்பை நம்ப முடியாத இடத்துல எச்சரிக்கைதான் ஒரே வழி. சுமத்ராவிலிருந்து அலை வர இரண்டரை மணி நேரம் இருக்கு. அந்தச் செய்தி கடைசிக் குப்பம் வரைக்கும், நடுக்கடல்ல இருக்கிற படகு வரைக்கும் போய்ச் சேரணும். ஆழ்கடல்ல இருக்கிறவங்களுக்கு "கரைக்குத் திரும்பாதீங்க"ன்னு சொல்லணும், ஏன்னா ஆழத்துல சுனாமி படகுக்கு அடியில் நழுவிப் போயிடும், முகத்துவாரத்துலதான் கொல்லும். பிளவு எப்படி நழுவிச்சுன்னு கணக்குப் போட இன்னைக்குக் கணினி இருக்கு. அந்தக் கணக்கோட விடை அவர் படகுக்குப் போய்ச் சேருமாங்கறதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.